பல்லாஸ்பத்திரி போலீஸம்மா

வாயைத் திறக்கச் சொல்வதற்கு முன்னால் டாக்டரம்மா ஒரு கேள்வி கேட்பார். "கடையில என்ன மாத்திரை வாங்கிப் போட்டே?" வாங்கினாயா இல்லையா என்று கேட்கிற வழக்கம் அவரிடம் இல்லை. வாங்கியிருப்பாய், விழுங்கியிருப்பாய், பெயரை மட்டும் சொல் என்கிற தொனி. பதில் எதுவானாலும் கண்ணாடியை ஒரு தடவை மூக்கின் மேல் தள்ளிக்கொண்டு நோயாளியின் சட்டைப் பையைப் பார்ப்பார். பெண்ணாக இருந்தால் முந்தானை முடிச்சை.

கள்ளக்குறிச்சியில் ஒரு டிரஸ்ட் நடத்திய சின்னப் பல் ஆஸ்பத்திரியில் நான் அப்போது நர்ஸ். இன்றைக்கு அந்த ஆஸ்பத்திரி இல்லை, கட்டடத்தில் டைல்ஸ் கடை நடக்கிறது. பல் பிடுங்குவது, அடைப்பது எல்லாம் கீழே. மாடியில் கொஞ்சம் படுக்கைகள். சொத்தைப் பல்லில் தொடங்கி, கன்னம், தாடை, கழுத்து என்று சீழ் இறங்கி வருகிறவர்களை மாடியில் சேர்ப்போம். அவர்களுக்கு அவர்தான் டாக்டர். நாற்பதைத் தாண்டியவர், ஒல்லி, தலைமுடியை இழுத்துக் கட்டியிருப்பார். கொரோனா அடங்கி ஊரே முகக்கவசத்தைக் கழற்றிய பிறகும் அவர் கழற்றவில்லை. சொந்த ஊர் எது என்று எங்களில் யாருக்கும் தெரியாது. கேட்டால், "எதுக்கு?" என்பார்.

ஆஸ்பத்திரி டீயை அவர் குடித்து நான் பார்த்ததில்லை. வீட்டிலிருந்து ஃபிளாஸ்க்கில் கொண்டுவருவார், கூடவே ஒரு ஸ்பூனும். கருவிகளை வேகவைக்கிற ஸ்டெரிலைசர் வேலை முடிந்து விளக்கு அணைந்த பிறகும் புறங்கையால் அதன் மூடியைத் தொட்டுப் பார்ப்பார். நான் சொல்லியிருப்பேன். விளக்கும் சொல்லியிருக்கும். இரண்டு பேர் சொன்னதையும் அவர் கை போய்ச் சரிபார்க்கும்.

சேர்ந்த புதிதில் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "உங்க வீட்டுல யாராவது மெடிக்கல்ல வேலை பாக்கறாங்களா சிஸ்டர்?" என்றார். என் தம்பி சின்னசேலத்தில் ஒரு மருந்துக்கடையில் இருந்தான். ஆமாம் என்றேன். மேலே ஒன்றும் கேட்கவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். அந்தத் தலையாட்டல் பஸ்ஸில் வீடு போய்ச் சேரும்வரை என்னோடு வந்தது. தம்பிக்காக இங்கிருந்து ஆள் அனுப்புகிறேன் என்று நினைக்கிறாரா? ஆஸ்பத்திரி மருந்து அங்கே போகிறது என்று நினைக்கிறாரா? மறுநாளிலிருந்து அவர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் நான் என் கையைப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தேன்.

அவருக்குப் பரம எதிரி செட்டு மாத்திரை. இந்தப் பக்கத்தில் அதை அறியாதவர்கள் கிடையாது. மருந்துக்கடையில் போய், "பல்லு வலி, ஒரு செட்டு குடுங்க" என்றால் போதும். வலிக்கு ஒன்று, வீக்கத்துக்கு ஒன்று, கிருமிக்கு ஒன்று, வயிறு எரியாமலிருக்க ஒன்று என்று தாளில் மடித்துத் தருவார்கள். ஒரு வேளை, மிஞ்சினால் இரண்டு வேளை. வலி நின்றதும் வேலைக்குப் போய்விடலாம். அடுத்த மாதம் திரும்ப வலிக்கும், திரும்ப ஒரு செட்டு.

"வாயிங்கறது ஒரு ஊரு மாதிரி" என்று நோயாளிகளிடம் சொல்வார். "அதுல எல்லா ஜாதிக் கிருமியும் குடியிருக்கு. நீ ரெண்டு மாத்திரையப் போட்டுட்டு நிறுத்துனா நோஞ்சானெல்லாம் சாவும். முரடு நின்னுடும். அப்புறம் அதுங்க குட்டி போடும், எல்லாம் முரட்டுக் குட்டி. நாளைக்கு நான் அதே மருந்த ஊசியில ஏத்துனாலும் அதுங்க சிரிக்கும்." கேட்கிறவர்கள் பயந்துபோய்த் தலையாட்டுவார்கள். போகிற வழியில் இன்னொரு செட்டு வாங்குவார்கள் என்று அவர் நம்பினார். அதில் அநேகமாகத் தப்பில்லை.

உளுந்தூர்பேட்டையில் நெடுஞ்சாலை ஓட்டல் ஒன்றில் பாத்திரம் கழுவுகிற அம்மாள் ஒருத்தி வந்தாள். வலது கன்னம் கல்லாக வீங்கியிருந்தது.

"கடையில என்ன மாத்திரை வாங்கிப் போட்டே?"

"ஒண்ணும் வாங்கலீங்க டாக்டரம்மா."

"எப்போலேருந்து வீக்கம்?"

"நேத்திலேருந்துங்க."

"நேத்து வந்த வீக்கம் தொட்டா இப்படியா இருக்கும்? முந்தானைய அவுரு."

அவள் அவிழ்க்கவில்லை. அவரே கை நீட்டி முடிச்சை அவிழ்த்தார். மடித்த தாளில் இரண்டு மாத்திரையும் உடைந்த பாதியொன்றும் இருந்தன. வரிசையில் உட்கார்ந்திருந்த எல்லாரும் பார்த்தார்கள். அவள் அழுதுவிட்டாள். "ஒரு நாளு வேலைக்குப் போவலன்னா வேற ஆள வெச்சிருவாங்கம்மா. வலிய வெச்சிக்கினு எப்டி நின்னு கழுவறது?"

"அழுவாத. உன்ன நான் வேலையவுட்டு நிறுத்தல" என்றார். அன்றைக்கே சீழை வெளியேற்றி, பல்லைப் பிடுங்கி, ஓட்டல் முதலாளிக்குப் போன் போட்டு, அவள் வேலை அவளுக்கே இருக்க வேண்டும் என்று அதட்டியும் வைத்தார். ஆனால் ஊருக்குப் போனது அந்தப் பாதிக் கதை இல்லை, முந்தானையை அவிழ்த்த கதை. அதற்குப் பிறகுதான் அவருக்குப் போலீஸம்மா என்று பெயர் வந்தது.

அதன்பின் வரிசையில் நடந்ததை நான் கவனித்தேன். பெஞ்சில் காத்திருக்கிறவர்கள் புதிதாக வருகிறவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார்கள். "அந்தம்மா கேட்டா ஒண்ணுமே போடலன்னு சாதிச்சிரு. பையில ஏதாச்சும் இருந்தா வெளியவே போட்டுட்டு வா." இதை அவரிடம் சொன்னேன். அவர் கேட்டதினால்தான் மறைக்கிறார்கள் என்று புரிந்துகொள்வார் என்று நினைத்தேன். "பாத்தீங்களா, நான் சொன்னேன் இல்ல, எல்லாரும் பொய்யி" என்றார். முகத்தில் ஒரு திருப்தி.

இந்தச் சந்தேகத்தால் பிழைத்தவரும் உண்டு. தியாகதுருகம் பக்கத்தில் கரும்பு போட்டிருந்த பெரியவர் ஒருவர் நாக்கு ஓரத்தில் ஒரு சின்னப் புண்ணோடு வந்தார். உடைந்த பல் உரசி வந்த புண், பல்லைத் தேய்த்துவிட்டால் ஆறிவிடும் என்று கீழே இருந்த டாக்டர் அனுப்பிவிட்டார். பெரியவர் வாசல்படி இறங்கிப் போகும்போது நம் டாக்டர் எதிரில் ஏறி வந்தார். "வாயத் தொறங்க" என்றார், படியிலேயே. பார்த்தார், மோந்தார். "எனக்கு நம்பிக்கை இல்ல" என்று மாடிக்குக் கூட்டிவந்து ஒரு துணுக்கு வெட்டிச் சோதனைக்கு அனுப்பினார். புற்று, ஆரம்ப நிலை. பெரியவர் பிழைத்தார். அடுத்த பொங்கலுக்கு ஒரு கட்டுக் கரும்போடு வந்து நின்றார். கரும்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "என்ன மருந்து அடிச்சீங்க இதுக்கு?" என்று டாக்டர் கேட்டபோது, பெரியவர் உட்பட எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. பதிலுக்குக் காத்திருந்தார்.

அண்ணாமலை வந்தது ஒரு மாசி மாதத்தில். கரியாலூருக்கு அப்பால் ஒரு மலையூர். வருஷா வருஷம் பெண்டாட்டி அலமேலுவோடு கேரளாவுக்கு மிளகு பறிக்கப் போய், சீசன் முடிந்ததும் திரும்புகிறவன். முப்பது வயதிருக்கும். துண்டைத் தாடைக்கு அண்டக்கொடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தான். வாயை ஒரு விரல் நுழையும் அளவுக்குத்தான் திறக்க முடிந்தது.

வழக்கமான கேள்வி. அவனால் பேச முடியாமல் கையை ஆட்டினான். அலமேலுதான் பதில் சொன்னாள்.

"கடையில ஒண்ணும் வாங்கலீங்கம்மா."

"கேரளாவுல?"

"அங்க இருக்கசொல்ல வலியே இல்லீங்க. வூட்டுக்கு வந்தப்புறந்தான்."

"பையக் காட்டு."

அவள் தயங்காமல் பையைக் கவிழ்த்தாள். ஒரு துண்டு, தண்ணீர் பாட்டில், அவித்த மரவள்ளிக்கிழங்கு. மாத்திரை இல்லை. "கரியராமர் மேல சத்தியமா கடையில வாங்கலீங்க" என்றாள்.

அவர் என் பக்கம் திரும்பி, "சத்தியம் பண்ணாலே எனக்குச் சந்தேகம் ஜாஸ்தியாயிடும் சிஸ்டர்" என்றார்.

தாடைக்குக் கீழே ஊசி போட்டுச் சீழ் எடுத்து, எந்த மருந்துக்குக் கேட்கும், எதற்குக் கேட்காது என்று பார்க்கச் சேலத்து லேபுக்கு அனுப்பினார். முடிவு வர நாளாகும். அதுவரைக்கும் வழக்கமான ஊசியை ஆரம்பித்தோம். எங்கள் ஆஸ்பத்திரியில் பத்தில் எட்டுப் பேருக்குக் கேட்கிற ஊசி அது. அவனுக்குக் கேட்கவில்லை. மறுநாள் வீக்கம் மோவாயைத் தாண்டி அந்தப் பக்கத்துக்கும் போனது.

அவர் போகும்போதும் வரும்போதும் அலமேலுவிடம் நின்றார். "இப்பவாவது சொல்லு. நான் திட்ட மாட்டேன். முன்னாடி எதப் போட்டான்னு தெரிஞ்சா நான் ஊசிய மாத்துவேன்."

"வாங்கலீங்கம்மா. நான் எதுக்குங்க உங்களாண்ட பொய் சொல்றேன்?"

வேறு ஊசி ஒன்று அலமாரியில் இருந்தது. பெரிய மருந்து. எல்லாவற்றுக்கும் அடங்காத கிருமிக்கென்று வைத்திருப்பது. அதை எடுத்துவிடலாமே என்றேன். "அதையும் வீணாக்கிட்டா அப்புறம் கையில ஒண்ணும் இல்ல சிஸ்டர். அத சந்தேகத்து மேல எடுக்க மாட்டேன். ஆதாரம் வேணும்" என்றார். சந்தேகத்தின் மேலேயே வாழ்கிற மனுஷி ஆதாரம் கேட்கிறாரே என்று இருந்தது எனக்கு.

மூன்றாம் நாள் மத்தியானம் அலமேலு ஓடிவந்து, "படுக்க மாட்றாருங்க, ஒக்காந்துக்கினே கீறாரு" என்றாள். போய்ப் பார்த்தோம். முன்னால் குனிந்து, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நாக்கு மேலே தூக்கிக்கொண்டு எச்சில் விழுங்க முடியாமல் வழிந்துகொண்டிருந்தது. மூச்சு விடும்போது ஒரு சீழ்க்கைச் சத்தம். நாக்குக்கு அடியில் சீழ் பரவி மூச்சுக்குழாயை நெருக்குகிறது என்று அர்த்தம். இப்படி ஆனவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே போய்விடுவார்கள்.

ஊரில் மயக்க மருந்து டாக்டர் ஒருவர் இருந்தார். வந்து பார்த்தவர், படுக்கவைத்து மயக்கினால் மூச்சு நின்றுவிடும் என்று தயங்கினார். "அப்ப ஒக்காந்தே இருக்கட்டும்" என்றார் நம் டாக்டர். உட்கார்ந்தபடியே, கழுத்துத் தோலை மட்டும் மரத்துப்போகச் செய்து, முதலில் தொண்டையில் குழாய் செருகி மூச்சுக்கு வழி வைத்தார்கள். பிறகு தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் கீறினார். நான் அவன் தலையை என் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்த நாற்றத்தில் உதவிக்கு நின்ற ஆள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நம் டாக்டர் மட்டும் குனிந்து, "இது ஒரு கிருமி நாத்தம் இல்ல, கூட்டம்" என்று முணுமுணுத்தார். 

சாயங்காலம் சேலத்திலிருந்து லேப் ஆள் போனில் சொன்னார். கேட்காத மருந்துக்கு ஆர் என்று போடுவார்கள், கேட்கிற மருந்துக்கு எஸ். நாங்கள் புழங்குகிற மருந்துகள் எல்லாவற்றுக்கும் ஆர். கடைசியில் எஸ் வாங்கிய ஒன்றிரண்டில் அலமாரி மருந்தும் இருந்தது. உடனே அதை ஏற்றினோம். சில நாட்களில் நாக்கு இறங்கியது. தொண்டைக் குழாயை எடுத்த அன்று அவன் முதலில் கேட்டது கஞ்சி.

அலமேலு அவர் காலில் விழப் போனாள். அவர் பின்னால் நகர்ந்துகொண்டார். என்னிடம் வந்து, "எதையும் போடாம இந்தக் கிருமி இப்படி ஆவாது. மலையில ஒரு கடை இருக்கு. யாரோ அள்ளிக் குடுத்துக்கினு இருக்கான். அவன நான் பாக்கணும்" என்றார்.

அண்ணாமலை வீடு திரும்பிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, புண்ணைப் பார்க்கப் போகிறோம் என்று சொல்லி என்னையும் கூட்டிக்கொண்டு மலைக்குப் புறப்பட்டார். பஸ் முழுக்க அருவிக்குப் போகிற இளவட்டங்கள். வெள்ளிமலை தாண்டி, கரியாலூரில் இறங்கினோம். இறங்கியதும் அவர் சேலைத் தலைப்பால் கன்னத்தைப் பொத்திக்கொண்டு முதல் கடைக்குள் போனார். எனக்குச் சிரிப்பும் பயமும் சேர்ந்து வந்தது.

"பல்லு வலி தாங்கல. ஒரு செட்டு குடுங்க."

"செட்டெல்லாம் இல்லீங்களே. தலவலி மாத்திரதான் கீது. கிராம்பு வேணுமா?"

கிராம்பு வாங்கிக்கொண்டார். அடுத்த கடையிலும் அதே நடிப்பு, அதே பதில். அவர் நம்பவில்லை. "நம்மள அடையாளம் கண்டுட்டானுங்க" என்றார். மூன்றாவது கடைக்கு என்னை அனுப்பினார். அங்கேயும் இல்லை.

அண்ணாமலை வீட்டுக்கு நடந்து போய்ச் சேர்ந்தபோது அவன் காட்டில் மரவள்ளி பிடுங்கப் போயிருந்தான். அலமேலு பாயை விரித்துப் போட்டு மோர் கொடுத்தாள். டாக்டர் தம்ளரைக் கையில் வாங்கி, குடிக்காமல் வைத்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்தாள். எங்களைப் பார்த்து வாசலிலேயே நின்றாள்.

"வா வா. டாக்டரம்மாதான்" என்று சொல்லிவிட்டு அலமேலு பரண் மேலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்தாள். மூடியைத் திறந்து ஓர் அட்டையை உருவி, இரண்டு மாத்திரையை அழுத்தி எடுத்து அவள் கையில் வைத்தாள். சிவப்பும் கறுப்புமான குழாய் மாத்திரை. எங்கள் கண்ணெதிரில், ஒரு தயக்கமும் இல்லாமல்.

டாக்டர் தம்ளரைக் கீழே வைத்தார். "அந்த டப்பாவக் குடு."

உள்ளே எல்லாம் பாதி அட்டைகள். இரண்டு மிச்சம், நான்கு மிச்சம் என்று. ஒவ்வொன்றின் பின்னாலும் ஊதா மையில் முத்திரை: இலவசம். அதற்குக் கீழே எங்கள் டிரஸ்டின் பெயர்.

மாதத்துக்கு ஒருமுறை டிரஸ்ட் இந்த மலையில் பல் முகாம் நடத்தியது. பள்ளிக்கூட வராந்தாவில் மேஜை போட்டு, அவர் வாய் பார்ப்பார், நான் மாத்திரை கொடுப்பேன். அங்கே பல் பிடுங்க வசதி இல்லை. ஆகவே சொத்தை இருக்கிற எல்லாருக்கும், கீழே வந்து பிடுங்கிக்கொள்ளும்வரைக்கும் இருக்கட்டும் என்று ஐந்து நாள் மாத்திரை எழுதுவார். நன்கொடையாக வந்த மாத்திரை, பெட்டி பெட்டியாக இருந்தது. கீழே வந்து பிடுங்கிக்கொண்டவர்கள் குறைவு.

"இது யாரு குடுத்தது?" என்றார். தெரிந்துகொண்டே கேட்டார்.

"நீங்கதாங்க. முகாமுல குடுத்தீங்களே. வலி நின்னுட்டா மிச்சத்த வீணாக்க வேணாம்னு எங்க ஊரு பொம்பளைங்க எல்லாம் என்னாண்ட குடுத்து வெப்பாங்க. யாருக்கு வீங்குனாலும் எடுத்துக் குடுப்பேன்."

"அண்ணாமலைக்கும் குடுத்தியா?"

"குடுத்தனே. ரெண்டு வேள."

"நான் அத்தன தடவ கேட்டேன். ஏன் சொல்லல?"

அலமேலு அவரையே பார்த்தாள். கோபமில்லை. குழப்பம்தான். "நீங்க கடையில வாங்குனியான்னுதானங்க கேட்டீங்க? கடையில வாங்கலியே. ஆஸ்பத்திரி மாத்திரதான இது. இது உங்களுதாச்சே, உங்களுக்குத் தெரியாதான்னு இருந்துட்டேன்."

 டாக்டர் முகக்கவசத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். மேல் உதட்டில் வேர்த்திருந்தது. யார் யாருக்குக் கொடுத்தாய் என்று கேட்டார். குற்றம் விசாரிக்கிற குரல் இல்லை, தணிந்த குரல். அலமேலு பெருமையாகச் சொல்லிக்கொண்டே போனாள். மாமியாருக்குப் பல் வலி, கொழுந்தனுக்குக் காலில் முள், எதிர் வீட்டில் காதுச் சீழ். "ஆட்டுக்கு மடி வீங்கிக்கிச்சு. பொடிச்சுக் கஞ்சியில கலந்து வெச்சேன். அதுக்குக் கூடக் கேட்டுச்சுங்க."

"இத நான் எடுத்துக்கினு போறேன்" என்றார் டாக்டர்.

அலமேலு டப்பாவின் மேல் கையை வைத்தாள். "எடுத்துக்கினு போயிட்டா நாங்க இன்னா பண்றதுங்க? இங்க ஒருத்தனுக்கு வலி வந்தா பஸ்ஸு புடிச்சுக் கீழ வந்து சேரணும். அன்னிக்குக் கூலி போச்சு. நீங்க மாசத்துக்கு ஒரு நாளு வந்து பாத்துட்டுப் போயிடறீங்க."

 கடைசியில், வலி மாத்திரைகளை மட்டும் பிரித்து டப்பாவில் விட்டுவிட்டு மற்றதை வாங்கிக்கொண்டோம். அடுத்த முகாமுக்குப் பல் பிடுங்குகிற கருவிகளோடு வருகிறேன் என்று அவர் சொன்னார். அலமேலு நம்பின மாதிரி தெரியவில்லை. கிளம்பும்போது அவர் அந்த மோரை எடுத்து முழுவதும் குடித்தார்.

இறங்கி வருகிற பஸ்ஸில் மடியில் அந்தப் பொட்டலம். கொண்டை ஊசி வளைவுகளில் அது சரியாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார். "எழுதுன சீட்டெல்லாம் என் கையெழுத்து சிஸ்டர்" என்றார் ஒரே ஒரு தடவை. 

சொன்னபடி செய்தார். அடுத்த முகாமிலிருந்து கையடக்க ஸ்டெரிலைசரும் கருவிகளும் மலையேறின. காலையிலிருந்து குனிந்தபடி பிடுங்கிக்கொண்டே இருந்தார். சீழும் காய்ச்சலும் இருந்தால் மட்டும் மாத்திரை, அதுவும் முழு அட்டையும் முடிக்க வேண்டும், நடுவில் அவரே போன் போட்டுக் கேட்பார். மற்றவர்களுக்கு உப்புத் தண்ணீர். கேள்வியும் மாறியது. "வலிக்கு வூட்டுல என்ன பண்ணீங்க?" என்று கேட்கப் பழகினார். வாய் தவறிப் பழைய கேள்வி வந்துவிடும், நாக்கைக் கடித்துக்கொள்வார்.

கூட்டம் கரைந்தது. மாத்திரை கொடுக்காத முகாமுக்கு எதற்கு வர வேண்டும் என்று மலையில் பேசிக்கொண்டார்கள். டிரஸ்டுக்கும் அது பிடிக்கவில்லை. நன்கொடை கொடுத்தவர்களுக்கு, மக்கள் கையில் மாத்திரையோடு நிற்கிற போட்டோ அனுப்ப வேண்டும். போட்டோவில் இப்போது வாயில் பஞ்சைக் கடித்தபடி நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். பெட்டிகள் பிரிக்காமல் கிடந்தன. பிறகு ஒருநாள் அவற்றில் சில காணவில்லை என்றார்கள். டிரஸ்ட் செயலாளர் நேராக மாடிக்கு ஏறி வந்தார்.

"குடுக்கவும் மாட்றீங்க, இருக்கவும் மாட்டுது. மாத்திரையெல்லாம் எங்க மேடம் போவுது? வெளிய எங்கயாச்சும் தள்ளிடறாங்களோன்னு கமிட்டியில கேக்கறாங்க."

நான் கொதித்துப்போனேன். அவர் கொதிக்கவில்லை. தன் கைப்பையை எடுத்து மேஜை மேல் கவிழ்த்தார். ஃபிளாஸ்க், ஸ்பூன், சீப்பு, கரியாலூரில் வாங்கிய கிராம்பு. "மேஜை டிராயரையும் பாத்துடுங்க" என்றார். செயலாளர் கூச்சத்தோடு பார்த்தார். "ஸ்டெரிலைசர் ரூம விட்டுட்டீங்களே. நானா இருந்தா அங்கதான் ஒளிப்பேன். இந்த சிஸ்டரோட தம்பி மெடிக்கல்ல இருக்கார், அதையும் விசாரிங்க. அவங்க எடுக்க மாட்டாங்க, ஆனா நீங்க விசாரிக்கணும்."

இன்னொருத்தர் சொல்லியிருந்தால் அது நக்கல். அவர் மனதாரச் சொன்னார். சந்தேகப்படுகிறவன் அரைகுறையாகச் சந்தேகப்படுவதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. எனக்கு அந்தப் பழைய தலையாட்டல் ஞாபகம் வந்து, அன்றைக்கே அதை மன்னித்துவிட்டேன்.

பெட்டிகள் எங்கே போயின என்பது கடைசிவரைக்கும் தெரியவில்லை. அவரை யாரும் போகச் சொல்லவில்லை, ஆனால் முகாமை நிறுத்தினார்கள், மாடிப் படுக்கைகளைக் குறைத்தார்கள். அவர் வேறு ஊரில் வேலை தேடிக்கொண்டார். எந்த ஊர் என்று கேட்டேன். எதுக்கு என்று கேட்காமல் சொன்னார்.

கடைசி நாளன்று அண்ணாமலையும் அலமேலுவும் வந்தார்கள். கழுத்தில் இரண்டு பக்கமும் தழும்பு. இந்த முறை இடது பக்கம் ஒரு கடைவாய்ப்பல், வலி மட்டும், வீக்கம் இல்லை. அவர் கிளம்புகிற அவசரத்திலும் கோட்டைத் திரும்ப மாட்டிக்கொண்டு பல்லைப் பிடுங்கினார். பஞ்சு வைத்து, இறுக்கிக் கடிக்கச் சொன்னார். வலிக்கு மட்டும் மாத்திரை எழுதினார்.

"அந்தச் சிவப்பு மாத்திரைங்க?" என்றாள் அலமேலு.

"வேணாம். சீழ் இல்ல. நாளையிலேருந்து உப்புத் தண்ணியில கொப்புளிச்சாப் போதும்."

"போன தடவ சாவக் கெடந்தாருங்க. அப்ப எல்லாம் ஏத்துனீங்க. இப்ப சும்மா அனுப்பறீங்க." கொஞ்சம் தயங்கி, "நீங்க இன்னிக்கோட போறீங்களாமே. கீழ சொன்னாங்க" என்றாள்.

அவள் என்ன கேட்கிறாள் என்று எங்கள் மூன்று பேருக்கும் புரிந்தது. போகிறவள் தங்களைக் கைகழுவிவிட்டுப் போகிறாளா என்று கேட்கிறாள். டாக்டர் அவள் மேல் கோபப்படவில்லை. அண்ணாமலையின் போனை எடுக்கச் சொல்லித் தன் நம்பரைச் சொன்னார். "வீங்குனாலோ, வாயத் தொறக்க முடியலன்னாலோ, முழுங்க முடியலன்னாலோ கூப்பிடு. எந்த நேரமா இருந்தாலும் சரி."

அவன் ஒவ்வொரு எண்ணாக அழுத்தினான். முடித்துவிட்டு, போனைப் பையில் வைக்கவில்லை. பச்சைப் பொத்தானை அழுத்திக் காதில் வைத்துக்கொண்டான்.

அலமாரி மேலிருந்த கைப்பைக்குள் போன் அடித்தது. அவன் அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தான். அடித்துக்கொண்டே இருந்தது. நிறுத்துவான் என்று பார்த்தேன், நிறுத்தவில்லை. அலமேலு மெதுவாக, "எடுத்துப் பேசுங்கம்மா" என்றாள்.

அவர் போய்ப் போனை எடுத்தார். அவனுக்கு நேர் எதிரில், கை எட்டுகிற தூரத்தில் நின்றுகொண்டு, "ஹலோ" என்றார்.

பஞ்சைக் கடித்த வாயோடு அவன், "ம்" என்றான்.